பழைய ஐடி கார்டிலேயே புது டேக்: குன்னூர் டீ ஃபேக்டரியில் கதவுகளை மாற்றிய அனுபவம்

எங்கள் டீ ஃபேக்டரி குன்னூருக்குக் கீழே ஒரு சரிவில் இருக்கிறது. ஃபேக்டரி வாசல், ஆபீஸ், பேக்கிங் கோடவுன், கீழே லாரி வரும் கேட் ஆகிய நான்கு இடங்களிலும் கார்டு தேய்த்தால் திறக்கும் பூட்டுகள்தான் இருந்தன. கார்டின் பின்பக்கக் கறுப்புப் பட்டையை ரீடரின் பள்ளத்தில் இழுக்க வேண்டும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. அந்த ஈரம் ரீடருக்குள் போய், பட்டையைப் படிக்கும் தலை துருப்பிடிக்கும். அதன் மேல் டீத்தூசியும் படிந்துவிட்டால், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாசலில் ஆட்கள் குடையோடு நின்று கார்டை இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

அதனால் அருகில் காட்டினாலே படிக்கும் ப்ராக்ஸிமிட்டி ரீடருக்கு மாறுவது என்று முடிவானது. அதில் பள்ளம் கிடையாது, தேய்மானமும் கிடையாது. ரீடர் முழுக்க மூடிய பெட்டி என்பதால் ஈரமும் உள்ளே போகாது.

கார்டுகளை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. போட்டோ, ரத்த வகை, பிஎஃப் எண் எல்லாம் போட்டு எல்லோருக்கும் புதிதாக அச்சடித்துக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொன்று, நான்கு கதவையும் ஒரே நாளில் மாற்ற வழியில்லை. கீழ் கேட்டுக்கு கேபிள் இழுக்க மண் தோண்ட வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் சரிவில் மண்ணைத் தொட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆக, கொஞ்ச காலத்துக்கு ஒரே கார்டு மேலே காட்டவும் கீழே தேய்க்கவும் உதவ வேண்டும். ரீடர் விற்றவர் எல்லோருக்கும் புதுக் கார்டுக்கு விலை சொன்னார். நான் பழைய கார்டின் மேலேயே ஒட்டும் டேக் கேட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் வரவழைத்துக் கொடுத்தார்.

டேக் என்றால் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டச் சில்லு. உள்ளே செம்புக் கம்பிச் சுருளும் ஒரு சிறு சிப்பும், பின்னால் பசையும் இருக்கும். பேட்டரி இல்லை. ரீடர் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை வீசிக்கொண்டே இருக்கும். சுருள் அந்தப் புலத்துக்குள் வந்ததும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, சிப் தன் எண்ணைச் சொல்லும். சில சென்டிமீட்டர் தூரம் வரை கேட்கும், எங்களுக்கு அது போதும். இளவட்டங்கள் செல்போனை வைத்துப் பார்த்துவிட்டு "சார், டேக் டெட்" என்று வந்தார்கள். போனில் இருக்கும் என்எஃப்சி, அதாவது அருகில் வைத்துப் படிக்கும் வசதி, 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. இரண்டும் வேறு வேறு அலைவரிசை, போனுக்கு இந்த டேக் தெரியவே தெரியாது.

எங்கே ஒட்டுவது? கறுப்புப் பட்டை கார்டின் பின்பக்கத்தில் மேல் ஓரமாகப் போகிறது. கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர்தான். அதன் மேல் டேக்கும் ஏறினால் ரீடர் பள்ளத்துக்குள் நுழையாது. எனவே பட்டையிலிருந்து தள்ளி, கீழ் ஓரத்துக்குப் பக்கமாக, பள்ளத்துக்குள் போகாத பகுதியில் ஒட்ட வேண்டும். ஒரு தடித்த அட்டையை கார்டு அளவுக்கு வெட்டி, அதில் வட்ட ஓட்டை போட்டு அச்சாக வைத்துக்கொண்டோம். கார்டில் கயிறு மாட்ட ஓட்டை போட வேண்டியிருந்தால் டேக்குக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். சுருள் அறுந்தால் டேக் அத்தோடு போச்சு.

ஒட்டுவதுதான் மலையில் பெரிய வேலை. இந்த மாதிரி அழுத்தி ஒட்டும் பசைகளுக்கு 21 முதல் 38 டிகிரி வரை உள்ள சூடு நல்லது என்பார்கள். பத்து டிகிரிக்குக் கீழே ஒட்டவே கூடாது. எங்கள் ஆபீஸ் அறை நவம்பரில் நடுப்பகலிலும் சில்லென்றுதான் இருக்கும். முதலில் சோதனைக்காக ஒட்டிய சில கார்டுகளில் மறுநாளே ஓரம் கிளம்பியது. குளிரில் பசை இறுகி, கார்டின் பரப்போடு சரியாக ஒன்றுவதில்லை. கார்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் படிந்திருக்கும். அதோடு கை எண்ணெய், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒரு வருஷமாக ஏறிய கார்டுகள் அவை.

வழி சொன்னவர் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீமேக்கர் அண்ணன். "தம்பி, டிரையர் சுவத்த ஒட்டி என் ரூம் இருக்கு. அங்க வெச்சு ஒட்டுங்க, கோயமுத்தூர் மாதிரி இருக்கும்" என்றார். தேயிலையை உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்திலேயே வைத்து ஒட்டியிருந்தால் டீத்தூசி பசையில் போய் உட்கார்ந்திருக்கும். அவர் அறையில் கதவைச் சாத்திவிட்டால் தூசி இல்லை, சூடு மட்டும் சுவர் வழியாக வருகிறது. முந்தின நாள் மாலையே கார்டுகளையும் டேக்குகளையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவோம். காலையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, டேக்கை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்போம். பசை முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். ஆனால் ஷிஃப்டுக்கு வருகிறவரிடம் மூன்று நாள் கார்டைத் தர மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதனால் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் வாங்கி, ஞாயிறு காலை ஒட்டி, திங்கள் காலை கொடுத்தோம். கொடுக்கும்போது "இன்னும் ரெண்டு நாள் வளைக்காதீங்க அக்கா, பின் பாக்கெட்ல போடாதீங்க அண்ணா" என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். அந்த அறையில் ஒட்டியவற்றில் பிய்ந்து வந்தவை மிகக் குறைவு.

அப்புறம் எண்கள். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டேக்கோடு வந்த பட்டியலில் பத்து இலக்க எண்கள் இருந்தன. அதை அப்படியே சாஃப்ட்வேரில் ஏற்றச் சொன்னார் பொருத்த வந்த பையன். ஏற்றினோம், கதவு ஒருவருக்கும் திறக்கவில்லை. ரீடர் படித்த எண், கதவைத் திறக்கச் சொல்லும் கண்ட்ரோலர் பெட்டிக்குப் போகும் வழி 26 பிட் வீகண்ட் என்ற பழைய முறை. பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம். அதில் சரிபார்ப்புக்கு 2 பிட் போக, 24 பிட்தான் எண். அதிலும் முதல் 8 பிட் நிலையக் குறியீடு (ஃபெசிலிட்டி கோட்), மீதி 16 பிட் கார்டு எண் என்று எங்கள் சாஃப்ட்வேர் பிரித்துக் கேட்கிறது. பட்டியலில் 0001234567 என்று இருந்தால் அதை 65536-ஆல் வகுக்க வேண்டும். ஈவு 18, மீதி 54919. எனவே நிலையக் குறியீடு 018, கார்டு எண் 54919. பத்து இலக்க எண் 16777216 அல்லது அதற்கு மேல் இருந்தால், முதலில் 16777216-ஆல் வகுத்து வரும் மீதியை எடுத்துக்கொண்டு பிறகு இந்தக் கணக்கைப் போட வேண்டும். எக்செல்லில் இரண்டு சூத்திரம் போட்டால் மொத்தப் பட்டியலும் மாறிவிடும். நாங்கள் அதன் பிறகும் ஒவ்வொரு கார்டையும் ஆபீஸ் ரீடரில் ஒரு தடவை காட்டி, திரையில் வரும் எண்ணும் பட்டியலும் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆட்களிடம் கொடுத்தோம். சலிப்பான வேலைதான். செய்யாவிட்டால் ஒருவர் வருகை இன்னொருவர் பெயரில் ஏறும், சம்பள நாளன்று வாசலில் சண்டை நடக்கும்.

கோடவுன் கதவு தகரம். ரீடரை நேராக அதன் மேல் பொருத்தியதும் கார்டை ரீடரில் தொடும்படி வைத்தால்தான் படித்தது. உலோகம் காந்தப்புலத்தைத் தின்றுவிடுகிறது. நடுவே ஒரு மரப்பலகையைக் கொடுத்துப் பொருத்தச் சொன்னேன், தூரம் திரும்ப வந்தது. இதே காரணத்தால்தான் கார்டை இரும்பு டிபன் டப்பாவோடு ஒட்டிப் பிடித்துக் காட்டுகிறவர்களுக்குக் கதவு திறக்காது. ஏற்கெனவே இன்னொரு இடத்துக் கார்டு உள்ள பர்ஸோடு சேர்த்துக் காட்டினாலும் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, ரீடர் குழம்பிவிடும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த டேக் தன் எண்ணை யார் கேட்டாலும் சொல்லும். அதற்கு ரகசியக் குறியாக்கம் எதுவும் கிடையாது. சின்னக் கருவி ஒன்று இருந்தால் நகல் எடுத்துவிடலாம். வாசலுக்கும் கோடவுனுக்கும் இது போதும் என்பது என் கருத்து, ஏனென்றால் அங்கே வாட்ச்மேன் இருக்கிறார். பணம் வைக்கும் அறைக்கு டேக்கோடு நான்கு இலக்கப் பின் எண்ணும் அடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மேனேஜருக்கு அதில் சலிப்பு, இருந்தாலும் மாற்றவில்லை.

வேலையை விட்டுப் போகிறவர்களின் டேக்கைப் பிய்த்து வேறு கார்டில் ஒட்டலாமா என்று கணக்குப்பிள்ளை கேட்டார். பிய்க்கும்போது சுருள் வளைந்துவிடும், பசையும் பழையபடி பிடிக்காது. சாஃப்ட்வேரில் எண்ணை நீக்கினால் போதும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் இப்போதைக்கு அதே பட்டைக் கார்டும் டேக்கும்தான். கீழ் கேட்டுக்கு கேபிள் பள்ளம் தோண்ட மார்ச் மாதம் ஆள் வருகிறார்கள். அந்த ரீடரும் மாறியதும் கார்டு அச்சடிக்கும் ஆர்டரில் கறுப்புப் பட்டையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.