உறுப்பு மாற்றுக்கு முன் புழுவைத் தேடுவது: எங்கள் அனுபவம்

உறுப்பு மாற்றுக்குக் காத்திருப்பவரிடம், மண்ணில் வெறுங்காலோடு நடந்ததுண்டா என்று தவறாமல் கேட்கிறோம். 30 வருடத்துக்கு முன்பு என்றாலும் அது கணக்கில் சேரும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு தோல் வழியே நுழைந்து சிறுகுடலில் தங்குகிறது. அதன் இளம்புழுக்களில் சில வெளியேறாமல் குடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடல் சுவரைத் துளைத்து மறுபடி உடம்புக்குள் போகின்றன. இப்படியே பல பத்தாண்டுகள் ஓடும், அறிகுறியே தெரியாது. மாற்று அறுவைக்குப் பின், எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கியதும் புழு கட்டுமீறிப் பெருகும். குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு ரத்தம், நுரையீரல், மூளை உறை வரை போய்விடும். உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது.

ஒருமுறை மலம் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் நம்பாதீர்கள். இளம்புழு தினமும் வெளிவராது. வந்தாலும் மிகக் குறைவு. வெவ்வேறு நாளில் குறைந்தது 3 மாதிரி வேண்டும், கூடவே ரத்தத்தில் ஐஜிஜி (புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பரிசோதனையும். ரத்தத்தை எதிர்ப்புசக்தி குறைக்கும் மருந்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் புழு இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். புழு இருந்தால் கூடும் வெள்ளணுவான ஈசினோபில் இயல்பாக இருப்பதும் ஆறுதல் அல்ல, ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும்.

மலத்தை அகர் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் வைத்து வளர்த்துப் பார்ப்பது இன்னும் நல்லது. மாதிரியை ஃபிரிட்ஜில் வைத்தால் புழு செத்துவிடும், அந்தத் தட்டு வீண். புதிதாக வைத்தால் ஓரிரு நாளில் அகரின் மேல் நெளிநெளியாகக் கோடுகள் தெரியும். புழு ஊர்ந்த வழியெல்லாம் பாக்டீரியா முளைத்த தடம் அது.

புழு உறுதியானால் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடை என்றால் 12 மில்லிகிராம், வெறும் வயிற்றில், 2 நாள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு சுற்று. மத்திய ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர் என்றால் முதலில் ரத்தத்தில் லோவா லோவா என்ற வேறொரு புழு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அது அதிகம் இருக்கும்போது ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்படலாம்.

உறுப்பு கொடுப்பவரையும் விடாதீர்கள், அவர் உறுப்போடும் புழு வரலாம். இதய மாற்றில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தனிக் கவலை: கொடுப்பவருக்கு இருந்து, பெறுபவருக்கு இதுவரை வராததென்றால் அதைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் மருந்து அவசியம்.

அறுவைக்குப் பின் பலரும் சறுக்கும் இடம் இருமலும் இழுப்பும். ஆஸ்துமா என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் புழு இன்னும் பெருகும். கூட்டுவதற்கு முன் சளியையும் மலத்தையும் அன்றே நுண்ணோக்கியில் பாருங்கள். இளம்புழு நெளிந்தால் ஐவர்மெக்டின் தினமும். சளியும் மலமும் தொடர்ந்து 2 வாரம் சுத்தமாக வரும்வரை நிறுத்தக் கூடாது.