சாய்பாசா கவுன்டரில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

வங்கி அதிகாரியாகத் தமிழ்நாட்டுக் கிளைகளில் வேலை பார்த்தவரை, மொழிப் பிரச்சினை என்றால் எனக்கு ஹிந்திக்கும் தமிழுக்கும் உள்ள வழக்குதான். மத்திய அரசு வேலைகளில் ஹிந்தியைப் பயன்படுத்தச் சொல்லும் 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள்கூட தமிழ்நாடு நீங்கலாகத்தான் இந்தியா முழுவதற்கும் பொருந்தும். அந்தப் பெருமையோடு ஜார்க்கண்டின் சாய்பாசாவுக்கு மாற்றலாகிப் போனேன்.

மற்ற இடங்களில் மாநில மொழி, ஹிந்தி, ஆங்கிலம் என்று மும்மொழிப் பலகை வைப்போம். ஜார்க்கண்டில் மாநில மொழியே ஹிந்தி என்பதால் பலகையில் இரண்டோடு சரி. வாரச் சந்தை நாளில் கிளைக்குள் நுழைந்தால் காதில் விழுவதோ ஹோ.

ஹோ முண்டா குடும்பத்து மொழி. ஹிந்தியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லாகோ போத்ரா உருவாக்கிய வாராங் சித்தி என்ற தனி எழுத்தும் அதற்கு உண்டு. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். மொழிகளைப் பட்டியலிடும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. அதே கணக்கெடுப்பில் 24,821 பேர் சொன்ன சமஸ்கிருதத்துக்கு இருக்கிறது. பக்கத்து சந்தாலி 2003 திருத்தத்தில் உள்ளே போய்விட்டது. ஆனாலும் நாள் முழுக்க நாங்கள் எண்ணுகிற ரூபாய் நோட்டில் அதுவும் ஏறவில்லை.

எங்கள் கிளை ஓடியது ஒரு சப்-ஸ்டாஃபின், அதாவது கடைநிலை ஊழியரின், புண்ணியத்தில். அவருக்கு ஹோதான் வீட்டு மொழி. வயதான அம்மா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து பாஸ்புக்கை நீட்டுவார். கேஷியர் ஹிந்தியில் ஏதோ கேட்பார். அம்மாவின் கண் சப்-ஸ்டாஃபைத் தேடும். அவர் கையிலிருக்கும் ஃபைலைப் போட்டுவிட்டு வருவார். பென்ஷன் ஏறிவிட்டதா, கையில் எவ்வளவு வேண்டும், நாமினி மூத்தவனா இளையவனா, எல்லாம் வரிசையில் நிற்பவர்கள் காதுபடத்தான். வாடிக்கையாளர் ரகசியம் காப்பது பற்றி எங்களுக்குப் பயிற்சி வகுப்பெல்லாம் எடுத்திருக்கிறார்கள்! அவர் லீவு போட்டால் பணம் எடுப்பது எப்படியோ நடந்துவிடும். கடன் விண்ணப்பமும் நாமினி மாற்றமும் மறுநாளைக்குத்தான்.

அதிகாரி ஹிந்திப் பரீட்சை பாஸ் செய்தால் ஊக்கத்தொகை உண்டு. செப்டம்பரில் ஹிந்தி பக்வாடா என்கிற இருவார விழா வந்தால் கட்டுரைப் போட்டி, பரிசு, சமோசா. எத்தனை கடிதம் ஹிந்தியில் போனது என்று காலாண்டு அறிக்கையும் அனுப்புவோம். அந்த மனிதர் செய்த வேலையை எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை, தனிப்படியும் இல்லை.

ஹோ தெரிந்த ஒரு கிளார்க் வேண்டும் என்று மேலே எழுதிப் பார்த்தேன். கிளார்க்குக்கு மாநில மொழி தெரிய வேண்டும் என்பது விதி, அது ஹிந்தி, உங்களிடம் இருப்பவர்களுக்குத் தெரியும்தானே என்று பதில் வந்தது. விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். ஜார்க்கண்ட் அரசு ஹோவை இரண்டாம் ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறதே என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

தமிழ் தெரியாத அதிகாரி கவுன்டரில் உட்கார்ந்தால் இங்கே சத்தம் போடலாம். கேட்க ஒரு அரசாங்கமும் கட்சிகளும் பத்திரிகைகளும் உண்டு. சாய்பாசாவில் அந்த அதிகாரி நான்தான், யாரும் என்னிடம் சத்தம் போடவில்லை. மாநிலத்தைப் பார்க்காமல் மாவட்டத்தைப் பார்த்து ஆள் எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதிக்கு, இருக்கிற சப்-ஸ்டாஃபுக்கு ஒரு மொழிப்படி போட்டாலே போதும். பக்வாடா செலவில் அது பெரிய தொகை ஒன்றும் இல்லை.