தட்டை அசைக்காமல் விடுங்கள்

பாக்டீரியாவைக் கொண்டு செல்லுலோஸ் (தாவரங்களில் இருக்கும் அதே நார்ப்பொருள்) வளர்க்க ஆரம்பித்த புதிதில் என் கவனமெல்லாம் சர்க்கரை மேல்தான் இருந்தது. குளுக்கோஸ் கூடினால் செல்லுலோஸும் கூடும் என்று நம்பி, வழக்கமான 2 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம் போட்டேன். திரவத்தின் மேல் உருவாகும் செல்லுலோஸ் படலம் தடிக்கவே இல்லை. பி.எச். தாளை (அமிலம் கூடக்கூட இந்த எண் குறையும்) நனைத்துப் பார்த்தால், 6-ல் தொடங்கிய ஊடகம், அதாவது பாக்டீரியா வளரும் சத்துத் திரவம், 3-ஐ ஒட்டி இறங்கியிருந்தது.

நான் வளர்க்கும் பாக்டீரியாவான கோமகடேயிபாக்டர் சைலினஸ் (பழைய பெயர் அசிட்டோபாக்டர் சைலினம்) கிடைக்கிற குளுக்கோஸ் முழுவதையும் செல்லுலோஸ் நூலாக்குவதில்லை, ஒரு பங்கைக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றிவிடும், அந்த அமிலம் சேரச் சேர நூற்கிற வேலையே மந்தமாகிவிடும். இதற்கு வழக்கமாகப் பயன்படும், 1954-ல் வந்த ஹெஸ்ட்ரின்-ஷ்ரம் ஊடகத்தில் பாஸ்பேட்டும் சிட்ரிக் அமிலமும் இருப்பது பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கத்தான், ஆனால் அந்தத் தாங்கலுக்கும் ஓர் அளவு உண்டு. 1 சதவீதம் எத்தனால் சேர்த்தால் இந்தப் பாக்டீரியாவின் பல வகைகளில் விளைச்சல் கூடும், பாக்டீரியா அதை எரிபொருளாக்கிக்கொண்டு குளுக்கோஸை நூலுக்கு மிச்சம் வைக்கிறது. வெப்பம் 28 முதல் 30 டிகிரி இருந்தால் போதும்.

சரி, என்னைக் கேட்டால் சர்க்கரையைவிட முக்கியம் காற்றுதான். இது ஆக்சிஜன் இல்லாமல் வாழாத உயிர், அதனால் காற்றும் திரவமும் சந்திக்கிற மேற்பரப்பில்தான் நெய்கிறது, புதிய அடுக்கு மேலே உருவாகப் பழையது கீழே போகிறது. அடியில் எவ்வளவு சத்து இருந்தாலும் மேற்பரப்பு சிறியதாக இருந்தால் பயன் குறைவு. ஆழமான குடுவையை விட்டு அகலத் தட்டுக்கு மாறியதும் எனக்கு வித்தியாசம் கண்ணெதிரே தெரிந்தது.

அப்படியானால் குலுக்கிக் காற்றேற்றலாமே என்று தோன்றும். நானும் குலுக்கினேன். வழவழப்பான படலத்துக்குப் பதில் சின்னச் சின்ன உருண்டைகள்தான் வந்தன. அதோடு, தொடர்ந்து குலுக்கினால் செல்லுலோஸே செய்யாத திரிபுகள் (மரபு மாறிய பாக்டீரியாக்கள்) தலையெடுத்து மற்றவற்றை முந்திவிடும், அந்த வளர்ப்பிலிருந்து அடுத்த தொகுதிக்கு விதை எடுத்தால் அதுவும் கெட்டுவிடும்.

இப்போதெல்லாம் தட்டில் ஊற்றியபின் பத்து நாள் தொடுவதில்லை. நடுவில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தாலும் படலம் மூழ்கி, அதன்மேல் இன்னொன்று தனியாக வளர்ந்து, இரண்டும் ஒட்டாமல் உரிந்து வரும். அசையாமல் வளர்ந்ததை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கிப் பாருங்கள், நூறு கிராமில் ஒன்றிரண்டு கிராம்தான் செல்லுலோஸ், மீதி முழுக்கத் தண்ணீர், ஆனாலும் கிழியாது.