செம்மண் புழுதியும் சின்ன வண்டியின் ஏர் ஃபில்டரும்

"மாமா, மேட்டில் ஏறும்போது வண்டி திணறுகிறது" என்று அக்கா மகள் சொன்னபோது பங்குனி முடிய நான்கைந்து நாட்கள் இருந்தன. அவளுக்கு 11 வயது. வண்டி 110 சிசி, நான்கு ஸ்ட்ரோக், சிறுவர்களுக்கான டர்ட் பைக். சாலைக்கு எடுத்துப் போவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் மாந்தோப்புக்குள், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். மர வரிசைகளுக்கு நடுவே உழுது போட்ட நிலம். இரண்டு மாதம் மழை இல்லாவிட்டால் அந்தச் செம்மண் மாவாகிவிடும். வண்டி இரண்டு சுற்றுப் போய் வந்தால் கீழ்க்கிளை இலைகள் எல்லாம் சிவந்திருக்கும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனி முழுக்க உலர்ந்த கரி. போதிய காற்று உள்ளே போகவில்லை, அதனால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அடுத்து ஏர் ஃபில்டர். இந்த வண்டியில் அது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் வாயில் நேராக மாட்டிய கூம்பு வடிவ ஸ்பாஞ்ச். ஒரு கிளாம்ப்தான் பிடித்திருக்கிறது. திருகைத் தளர்த்தி இழுத்தால் கையோடு வந்துவிடும். விரலால் அழுத்தினேன், சேறு காய்ந்த துணிபோல விறைத்திருந்தது.

அன்று நான் செய்தது தவறு. பெட்ரோலில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, அப்படியே மாட்டிவிட்டேன். வண்டி மேட்டில் சீறிக்கொண்டு ஏறியது. அவளுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் கழற்றிப் பார்த்தேன். பழைய வேட்டியின் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, கார்புரேட்டர் வாயின் உட்புறத்தை ஒரு வட்டமாகத் துடைத்தேன். துணியில் சிவப்பாக ஒரு கோடு. புழுதி ஃபில்டரைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நம் மாவட்டத்துச் செம்மண், கிரானைட் போன்ற பாறைகள் சிதைந்து உண்டானது. அதில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள் கலந்திருக்கும். குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. அது சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் உப்புத்தாள்போலத் தேய்க்கும். பிறகு நீலப்புகை, இழுவைக் குறைவு, கடைசியில் இன்ஜினையே பிரிக்க வேண்டிய செலவு.

ஏன் தாண்டியது என்பதற்கு இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஸ்பாஞ்சின் துளைகள் புழுதியைவிடப் பெரியவை. காகித ஃபில்டர்போல இது சல்லடையாக நின்று தடுப்பதில்லை. துளைச் சுவர்களில் பூசிய பிசுபிசுப்பான எண்ணெயில்தான் புழுதி ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்ச், திறந்த ஜன்னல். இரண்டாவது, பெட்ரோல் பசையைக் கரைத்துவிட்டது. கூம்பும் ரப்பர் கழுத்தும் ஒட்டிய இடத்தில் என் கட்டைவிரல் நகம் நுழைந்தது. அதைத் திரும்ப ஒட்டிப் பயன்படுத்த மனம் வரவில்லை.

கிருஷ்ணகிரியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்த வகை இல்லை. வேறு வேலையாகப் பெங்களூரு போன நாளில் ஜே.சி. ரோட்டில் தேடி வாங்கினேன். போவதற்கு முன் கார்புரேட்டர் வாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து குறித்துக்கொண்டது நல்லதாயிற்று: 38 மி.மீ. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 42. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பெரியதை வாங்கி கிளாம்ப்பால் இறுக்கினால் ரப்பர் ஓரிடத்தில் மடியும். அந்த மடிப்பு வழியாகவே புழுதி போகும். 38-இல் இரண்டு வாங்கினேன், கூடவே ஃபில்டர் ஆயில் ஒரு பாட்டில்.

இன்ஜின் ஆயில் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஆகும். ஆனால் வண்டி நிற்கும்போது அது கீழே வழிந்து இறங்கிவிடும், மேல்பாதி உலர்ந்துவிடும். ஃபில்டர் ஆயில் ஊற்றும்போது இளகலாக இருந்து, அதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் ஒட்டும் பதத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிடும். நான் வாங்கியது நீல நிறம். எங்கே படவில்லை என்று கண்ணுக்கே தெரிகிறது.

ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, எண்ணெய் ஊற்றி, பையோடு சேர்த்துப் பிசைந்தேன். முறுக்கக் கூடாது, கிழிந்துவிடும். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழிய வேண்டும். முதல் தடவை எண்ணெய் அதிகமாகிவிட்டது. கார்புரேட்டருக்குக் கீழே சொட்டியது, வண்டி கிளம்பிக் கிளம்பி நின்றது. கழற்றி, பழைய துணிக்குள் வைத்து அழுத்தி, நிழலில் ஒரு மணி நேரம் விட்டேன். தொட்டால் விரல் லேசாக ஒட்ட வேண்டும், எண்ணெய் கையோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் மாட்டினேன். வாயை நன்றாகத் துடைத்து, ரப்பர் கழுத்தைக் கடைசிவரை தள்ளி, கிளாம்ப்பைக் கழுத்தின் நடுவில் வைத்து இறுக்கினேன். கையால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. பெட்டிக்குள் உட்காரும் வகை ஃபில்டராக இருந்தால் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸும் தடவ வேண்டும்.

இரண்டு ஞாயிறு ஓட்டிய பிறகு அதே வெள்ளைத் துணிச் சோதனை. இந்த முறை அவளே விரலில் சுற்றிக்கொண்டு துடைத்தாள். வெயிலில் நீட்டிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்றுமே இல்லை, மாமா."

பிளக்கின் நுனியும் வெளிர் பழுப்புக்கு வந்திருந்தது.

இப்போது ஒன்று வண்டியில், ஒன்று கழுவலில். கழற்றியதும் வாய்க்குள் எதுவும் விழாமல் துணி கட்டிவிடுகிறேன். மண்ணெண்ணெயில் அழுத்தி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை, நல்ல தண்ணீர் தெளிவாக வரும்வரை ஒரு முறை. வெயில் படாமல் மாட்டுக்கொட்டகை உத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் தொங்கும். கழுவிய மண்ணெண்ணெயை மரத்தடியில் கொட்டுவதில்லை. கேனில் தெளியவிட்டு அடுத்த கழுவலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் காய் பறிப்பு. தோப்புக்குள் டிராக்டர் ஓடத் தொடங்கிவிடும், புழுதி இரட்டிப்பாகும். அதனால் இனி ஒவ்வொரு ஞாயிறு மாலையும் கழற்றிப் பார்ப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். துணி அவள் பொறுப்பு.