ஓட்டு முதலில் வந்தது, நிலம் கடைசியில்

பெண்ணியம் பற்றி யூடியூபில் எந்த விளக்கத்தைத் திறந்தாலும் முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஓட்டு கேட்டார்கள், அப்புறம் வேலை, உடல், குடும்பம் என்று போனார்கள் என்று வரிசையாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அமெரிக்காவுக்கு அது சரியாக இருக்கலாம். 1848இல் அங்கே பெண்ணுரிமைக்காகக் கூடிய செனெகா ஃபால்ஸ் மாநாட்டில் ஓட்டு கேட்கிற தீர்மானம் ஒன்றுதான் ஒருமனதாக நிறைவேறவில்லை, அது சட்டமாவதற்கு 1920 வரை இழுத்தது. நம் ஊர்க் கதை தலைகீழ். இங்கே ஓட்டு சட்டென்று வந்துவிட்டது, சொத்துதான் வந்தபாடில்லை.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921லேயே வந்துவிட்டது. பிரான்சில் 1944, சுவிட்சர்லாந்தில் 1971 என்பதை நினைத்துப் பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கும். 1917இல் அடையாறில் மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட் முதலானவர்கள் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள் (கசின்ஸ் அயர்லாந்துக்காரர், அங்கே ஓட்டு கேட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஜெயிலுக்குப் போனவர்). அதே வருடம் டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு, லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் மாண்டேகுவைப் பார்த்து ஓட்டு கேட்டது. நாலு வருடத்தில் காரியம் முடிந்தது. இங்கே யாரும் கண்ணாடி உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஏன் இவ்வளவு சுலபமாகக் கொடுத்தார்கள் என்றால், அப்போது ஆணுக்கே சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு, அதே நிபந்தனையைப் பெண்ணுக்கும் வைத்தார்கள், பெண் பேரில் சொத்து எத்தனை வீட்டில் இருந்தது? கொடுத்ததால் யாருக்கும் கையில் இருந்து எதுவும் போகவில்லை என்பது என் கணக்கு.

அதனால்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டை நான் பெரிதாகச் சொல்வேன். அதற்கு முன்னால் சீர்திருத்தம் பேசியவர்கள் விதவைக்கு மறுமணம் வேண்டும், சின்னப் பிள்ளைக்குக் கல்யாணம் கூடாது என்றார்கள், தேவையான பேச்சுதான், ஆனால் அதில் பெண் பாவம் என்கிற தொனி இருந்தது. செங்கல்பட்டில் கேட்டது ஆணுக்குச் சமமான சொத்துரிமை. இரக்கம் கேட்பது வேறு, பங்கு கேட்பது வேறு. பெண்ணியம் ஓர் அரசியலாவது பங்கு கேட்கும்போதுதான்.

கேட்டதும் கொடுத்துவிட்டார்களா என்ன. 1937இல் வந்த சட்டம் விதவைக்குப் புருஷன் சொத்தை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற உரிமையை மட்டும் கொடுத்தது, இஷ்டப்படி விற்க முடியாது, யாருக்கும் எழுதிவைக்க முடியாது. அம்பேத்கர் மகளுக்கும் சொத்தில் பங்கு வைத்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்து, அதை இழுத்தடித்ததில் வெறுத்துப்போய் 1951இல் மந்திரி பதவியை விட்டே விலகினார். 1956 வாரிசுரிமைச் சட்டம் அப்பா சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் பங்கு என்றது, ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறந்ததுமே பங்கு என்பது மகனுக்கு மட்டும் என்று அப்படியே விட்டுவைத்தது. ஊரில் எல்லாமே பூர்வீகம்தானே! தமிழ்நாட்டில் அது மாறியது 1989இல், செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு 60 வருடம் கழித்து. ஆந்திராவில் அதற்கு மூன்று வருடம் முன்பே மாற்றியிருந்தார்கள்.

அந்த 1989 சட்டத்திலும் ஒரு கொக்கி. 25.03.1989க்கு முன் கல்யாணமாகிப் போன மகளுக்கு அது பொருந்தாது. எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்தோம். பெரிய அத்தைக்கு 1986இல் கல்யாணம், சின்ன அத்தைக்கு 1991இல். தாத்தா 1996இல் இறந்தபோது 4 ஏக்கர் பூர்வீக நிலம், அதாவது 400 செண்ட். பாட்டி முன்னாலேயே போய்விட்டார். தாத்தா இறப்பதற்கு முன்பே பிரித்ததாக வைத்துத்தான் சட்டம் கணக்குப் போடும்: தாத்தா, அப்பா, சித்தப்பா, சின்ன அத்தை நாலு பேருக்கும் ஆளுக்கு 100 செண்ட், தாத்தாவின் 100 செண்டைப் பிள்ளைகள் நாலு பேரும் பிரித்தால் ஆளுக்கு 25. ஆக அப்பா, சித்தப்பா, சின்ன அத்தைக்கு 125 செண்ட் வீதம், பெரிய அத்தைக்கு வெறும் 25. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஐந்து வருட இடைவெளி.

இவ்வளவு கணக்கும் காகிதத்தோடு சரி. இரண்டு அத்தைகளும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு பட்டுப்புடவையோடு பஸ் ஏறினார்கள். "அண்ணன் தம்பி வீட்டு வாசப்படி வேணுமே சாமி" என்றார் சின்ன அத்தை. அவர் சொன்னதில் கணக்கு இல்லாமல் இல்லை. புருஷன் வீட்டில் ஏதாவது ஆனால் திரும்பிவர ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு 125 செண்டை விலையாகக் கொடுத்தார். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் அந்த வாசப்படி எதற்கு என்று நான் கேட்டதற்கு, உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசு என்றார்.

2005இல் நாடு முழுக்க அந்த 1956 சட்டத்தையே திருத்தினார்கள், கல்யாணத் தேதி எல்லாம் போனது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லி முடித்தது. இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். பிள்ளையும் புருஷனும் இல்லாத ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து முதலில் போவது புருஷனின் வாரிசுகளுக்கு, அவர்களில் யாருமே இல்லை என்றால்தான் பெற்ற அப்பா அம்மாவுக்கு. கல்யாணமான மூன்று மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்து, மாமியார் வீட்டில் துரத்திவிட்டு, பிறந்த வீட்டில் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புக் கொடுத்தது. துரத்தியவர்கள் பக்கமே சேமிப்பு போனது. சட்ட ஆணையம் 2008லேயே இந்தப் பிரிவை மாற்றச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தது. சம்பளம் வாங்குகிற பெண்கள் இதைப் படித்தால், வயசு 30 ஆனாலும் சரி, இந்த மாதமே ஒரு உயில் எழுதி வையுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி முன்னால் நீங்களும், உங்கள் முன்னால் அவர்களும் கையெழுத்துப் போட்டால் செல்லும். பதிவுகூடக் கட்டாயம் இல்லை.