இருபது பேக்கெட்டுகள்

புனைவெழுத்தில் எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டம் முடிக்க என்னென்ன வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கதை எழுத வேண்டும், சரி. ஆனால் என்னை உண்மையில் திணறடித்தது வாசிப்புதான்.

வேலையை விட முடியாத நிலை. அதனால் அமெரிக்காவில் லோ-ரெசிடென்சி என்று சொல்லும் முறையில் சேர்ந்தேன். 1976-இல் வெர்மாண்டிலுள்ள காடர்ட் கல்லூரியில் கவிஞர் எலன் பிரையன்ட் வாய்ட் தொடங்கிவைத்தது அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் கல்லூரியில் தங்க வேண்டும். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பலாம். நான்கு செமஸ்டர், ஐந்து ரெசிடென்சி. நான் சேர்ந்த இடத்தில் ஜி.ஆர்.ஈ. என்ற நுழைவுத் தேர்வு கேட்கவில்லை. 25 பக்கக் கதை, ஒரு கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், அவ்வளவுதான். தேர்வு பெரும்பாலும் அந்த 25 பக்கத்தில்தான் என்பதால் இரண்டு மாதம் அதையே திருத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் கட்டுக்குப் பேக்கெட் என்று பெயர். செமஸ்டருக்கு ஐந்து பேக்கெட். ஒவ்வொன்றிலும் இருபது பக்கம் புதிய எழுத்து, படித்த இரண்டு புத்தகங்களைப் பற்றிக் குறிப்புகள், மென்டாருக்கு, அதாவது வழிகாட்டும் ஆசிரியருக்கு, ஒரு கடிதம். முதல் பேக்கெட்டில் ஒரு ருஷ்யச் சிறுகதையைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். “நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்பது தெரிகிறது. அவர் அதை எப்படிச் செய்தார் என்று எழுதுங்கள்” என்று பதில் வந்தது. பென்சிலோடு உட்கார்ந்து அதே கதையின் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன்: இது காட்சி, இது சுருக்கம், இங்கே காலம் தாவுகிறது. பல மாதங்கள் நாலு வரியில் போய்விடுகின்றன. ஒரு சாயங்காலம் இரண்டு பக்கம் நிற்கிறது. அப்புறம் என் கதையை எடுத்துப் பார்த்தேன். ஊருக்குப் போகும் பஸ் பயணத்தை ஆறு பக்கம் எழுதிவிட்டு, அங்கே நடந்த சாவை ஒரே பத்தியில் கடந்திருந்தேன். பயந்துதான் கடந்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

ஒர்க்‌ஷாப்பில் சக மாணவர்கள் கூடி நம் கதையைப் பேசும்போது நாம் வாய் திறக்கக் கூடாது. என் கதையில் பெரியம்மா யார், சித்தி யார் என்று பத்து நிமிடம் வாதம் நடந்தது. சொல்லிவிடத் துடித்தேன். அடிக்குறிப்பு போடு என்றார் ஒருவர். நான் போடவில்லை, யார் யாரை அதட்டலாம், யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள் என்பதை ஒரு காட்சியாக எழுதினேன்.

மூன்றாவது செமஸ்டரில் முப்பது பக்க விமர்சனக் கட்டுரை. கடைசியில் 120 பக்கப் படைப்புத் தீசிஸ், இரண்டு ஆசிரியர்களின் ஒப்புதல், சக மாணவர்களுக்கு ஒரு வகுப்பு, பொதுவாசிப்பு.

செலவையும் சொல்ல வேண்டும். இந்த முறையில் உதவித்தொகை குறைவு. பெரும்பகுதி என் சம்பளத்திலிருந்தே போனது. ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய ஐயோவா ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப் போன்ற முழுநேர இடங்களில், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் (ஐயோவாவில் இரண்டு வருடத்தில் 48 கிரெடிட்). ஆனால் அங்கே நிதியுதவி கிடைக்க வாய்ப்பு அதிகம். இடம்பெயர முடிந்தவர்கள் முதலில் அவற்றுக்கு விண்ணப்பியுங்கள்.

பட்டமளிப்புக்கு முந்தைய நாள் எனக்கு 20 நிமிடம் கொடுத்தார்கள். ஒரு பத்தியாக இருந்த சாவு வீடு அதற்குள் ஒன்பது பக்கம் ஆகியிருந்தது. அதைத்தான் வாசித்தேன். பெரியம்மா யார் என்று யாரும் கேட்கவில்லை.