567ஆம் கல்லிலிருந்து கடல் வரை

முடிச்சூரில் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையை விற்கப் போனபோது, வடகிழக்கு மூலையில் இருக்க வேண்டிய சர்வே கல்லைக் காணவில்லை. நில அளவையராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா, எஃப்எம்பி என்னும் புல அளவை வரைபடத்தின் நகலை மடியில் விரித்து, டேப் பிடித்து, பக்கத்து வீட்டு மதில் சுவரின் அடியில் விரலை வைத்தார். கல் அங்கே அஸ்திவாரத்துக்குள் போயிருந்தது. “கல்லு தானா நகராதுப்பா” என்றார். அன்று மாலை நங்கநல்லூர் வீட்டில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரனீஸ் மலைத்தொடரில் நடப்பட்ட எல்லைக்கற்களை ஒன்று விடாமல் தேடி நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். மொத்தம் 602 கற்கள் என்றதும் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அத்தனையும் இருக்கா?” என்று கேட்டார். பயணம் அந்தக் கேள்வியில்தான் முடிவானது.

602 கற்களையும் பார்க்க எங்களுக்கு விடுமுறையும் போதாது, முழங்காலும் போதாது. கிழக்குக் கோடியில், 567ஆம் கல்லிலிருந்து கடலோரத்தில் உள்ள 602 வரை, 36 கற்கள் என்று வரையறுத்துக்கொண்டோம். இரண்டு மாதம் விடியற்காலையில் பரங்கிமலைப் படிகளை ஏறி இறங்கியதே எங்கள் பயிற்சி. செப்டம்பரில் பார்சிலோனாவில் இறங்கி, ரயிலும் பேருந்துமாக எல்லையோர ஊரான லெ பெர்துஸைச் சென்றடைந்தோம். அந்த ஊரின் கடைத்தெருவில் கிழக்கு நடைபாதை ஸ்பெயின், எதிர்ச்சாரி பிரான்ஸ். சித்தப்பாவுக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. தெருவின் நடுவில் எல்லை போகும் ஊராட்சிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கற்களின் கதையில் என்னைக் கட்டிப்போட்டது, ஒப்பந்தத்துக்கும் கல்லுக்கும் இடையில் கழிந்த காலம். பிடசோவா ஆற்றின் நடுவிலுள்ள ஃபெசண்ட் தீவில் 1659 நவம்பர் 7 அன்று இரு அரசுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, மலைத்தொடரே இரு நாட்டையும் பிரிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. ஆனால் மலை என்பது கோடு அன்று. அதில் புல்வெளி உண்டு, சுனை உண்டு, கோடையில் இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் மேயும் பழைய உரிமை உண்டு. எதிரெதிர்ப் பள்ளத்தாக்கு மக்கள் இவற்றுக்காகத் தமக்குள் செய்துகொண்ட ஃபஸேரியா என்னும் மேய்ச்சல் உடன்பாடுகள் அரசர்களின் ஒப்பந்தத்தை விட மிகப் பழையவை. அவற்றையெல்லாம் மேய்ச்சல் வெளி மேய்ச்சல் வெளியாகப் பேசித் தீர்த்து, 1856, 1862, 1866 ஆகிய ஆண்டுகளில் பயோன் நகரில் மூன்று உடன்படிக்கைகள் செய்து, 1868இல் இறுதி ஆவணம் எழுதி முடிப்பதற்குள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. எண் வரிசை மேற்கில் பிடசோவா ஆற்றங்கரையில் தொடங்குகிறது. 426க்கும் 427க்கும் நடுவே அந்தோரா என்னும் குட்டி நாடு உட்கார்ந்திருக்கிறது. நம் சோழர் செப்பேடுகளில் பிடி சூழ்ந்து, கல்லுங் கள்ளியும் நாட்டி எல்லை வகுத்த செய்தி வருமே, அந்தப் பெண் யானையின் வேலையை இங்கே ஆணையர்கள் செய்திருக்கிறார்கள்.

எங்கள் வழியில் இல்லாவிட்டாலும் 262ஆம் கல்லைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஆண்டுதோறும் ஜூலை 13 அன்று, பிரான்சின் பாரத்தூஸ் பள்ளத்தாக்கினர் ஸ்பெயினின் ரொன்கால் பள்ளத்தாக்கினருக்கு, நிறத்திலும் கொம்பிலும் பல்லிலும் ஒத்த, இரண்டு வயதான மூன்று பசுக்களை அந்தக் கல்லருகே ஒப்படைக்கிறார்கள். 1375இல் சொல்லப்பட்ட ஒரு மத்தியஸ்தத் தீர்ப்பின்படி நடக்கும் இந்த வழக்கத்தில், இரு தரப்பினரும் கல்லின்மேல் கைமேல் கை வைத்துச் சமாதானம் சொல்கிறார்கள்.

567ஆம் கல் பனிசார்ஸ் கணவாயில் இருக்கிறது. ஸ்பெயினில் வென்று திரும்பிய ரோமானியத் தளபதி பாம்பே எழுப்பிய வெற்றிச் சின்னத்தின் அடித்தளம் அங்கேதான் சிதைந்து கிடக்கிறது. அதற்கு நடுவில் ஓர் எல்லைக்கல்; ஈராயிரம் ஆண்டு இடிபாட்டுக்குப் பட்டா போட்டது போல இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. தேடல் அடுத்த நாள்தான் தொடங்கியது.

அல்பேரா மலைமுகட்டில் மாடுகளுக்காகப் போட்ட முள்வேலி கூடவே வருகிறது. கற்கள் பெரும்பாலும் அந்த வேலியை ஒட்டியே நிற்கின்றன என்பதால் வேலியை விட்டு நகராமல் நடந்தோம். அடிவாரத்தில் பட்டை உரிக்கப்பட்டுச் செந்நிறமாய் நின்ற தக்கை ஓக் மரங்கள் மறைந்து, 1256 மீட்டர் உயரமுள்ள புய்க் நெயுலோஸ் உச்சியை நெருங்குகையில் நிழல் அடர்ந்த பீச் மரக்காடு வந்தது. நட்ட காலத்திலேயே ஒவ்வொரு கல்லின் இருப்பிடத்தையும், முந்தைய கல்லிலிருந்து அது எத்தனை மீட்டர் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விவரத்தை நான் செல்பேசியில் வாசிக்க, சித்தப்பா தரையைப் பார்த்து நடந்தார். கல்லைத் தேடாதே, கல் நடுகிறவன் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பான் என்று யோசி என்பதே அவர் எனக்குத் தந்த ஒரே பாடம். நீர் இரண்டு பக்கமும் பிரியும் இடம், பாதை முகட்டைக் கடக்கும் இடம், பெயர்க்க முடியாத பாறை ஆகிய மூன்றையும் பார்த்தால் பாதிக் கற்கள் தாமே கிடைத்தன.

எல்லாக் கல்லும் நட்ட கல் அன்று. சில இடங்களில் பாறை முகத்தில் ஒரு சிலுவையும் எண்ணும் வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. அப்படி ஒரு பாறையில் பாசியும் சாம்பல் நிறப் படர்வும் மூடி, எண் தெரியவில்லை. டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு வளைவு மட்டும் தென்பட்டது. சித்தப்பா சட்டைப்பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு விரலால் எடுத்து, வெட்டின் மேல் மெல்லத் தடவினார். முதலில் 5 வந்தது, பிறகு 8. மூன்றாவது எண்ணின் மேல்பாதி உடைந்திருந்தது. முந்தைய கல்லிலிருந்து தூரத்தை மறுபடி கணக்கிட்டு, அது 3 என்று முடிவு செய்தோம். தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு வந்தோம் என்பதையும், சித்தப்பா கழுவுவதற்கு முன் கைகூப்பினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நான்கு கற்கள் கிடைக்கவே இல்லை. அதில் ஒன்றுக்கு என் தவறே காரணம்: குறித்துக்கொண்ட இருப்பிட ஆயத்தொலைவில் ஓர் எண்ணை மாற்றி எழுதி, ஒரு பிற்பகல் முழுவதும் தவறான சரிவின் முட்புதரில் இருவரையும் அலையவிட்டேன். சித்தப்பா திட்டவில்லை, அன்றிரவு ரொட்டி தின்னும்போது, “ஃபீல்டு புக்கை இன்னொருத்தர் ஒருதரம் படிச்சுச் சரி பாக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாள் வடமேற்கிலிருந்து திராமொந்தானா காற்று அடித்தது. பிரான்சின் செர்பேருக்கும் ஸ்பெயினின் போர்ட்போவுக்கும் இடைப்பட்ட பெலித்ரெஸ் கணவாயில், 1939 தொடக்கத்தில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பு மக்கள் பெருங்கூட்டமாக நடந்து பிரான்சுக்குள் நுழைந்த இடத்தில், எல்லைக்கல்லை விட நினைவுப் படங்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம்.

602 கடலோரக் குகை ஒன்றின் பாறையில் இருக்கிறது. மேலே பாறை விளிம்பு வரை போனோம். கீழே அலை குகை வாயிலை முழுவதுமாக மூடி, நுரையோடு வெளியே துப்பிக்கொண்டிருந்தது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர்கூட அங்கே இறங்கத் துணிய மாட்டார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காற்று அடங்கவில்லை, போர்ட்போவில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சித்தப்பா பாறை மறைவில் குந்தி, குறிப்பேட்டைத் தொடையில் வைத்து, முப்பத்தொன்று, நான்கு என்று எழுதிய கூட்டலின் கீழே அலுவலகக் கையெழுத்தில் கடைசி வரியைச் சேர்த்தார்: “602 – ஸ்தலம் அணுக இயலவில்லை. காரணம்: கடல்.”